வடிகட்டியைப் பக்கத்தில் படுக்க வையுங்கள்: மே மாதத்தில் சில்வர் பீக்

போன ஓகஸ்டில் கில்லார்னி மலைப்பாதையில், சில்வர் பீக் உச்சிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, நானும் மச்சாளும் திரும்பிவிட்டோம். போத்தல்கள் காலி. வரைபடத்தில் நீலக்கோடாக இருந்த ஓடைகள் வெறும் கல்லாகக் கிடந்தன. மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா ஜசிந்தா. அறுபது வயதாவதற்குள் அந்த உச்சியில் நிற்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதற்காகவே சென் ஜேம்ஸ் ரவுணில் தன் பதினேழாம் மாடி வீட்டுக்குப் பனிக்காலம் முழுவதும் படியால் ஏறினார். அறுபது இந்த யூனில். ஆகவே தண்ணீர் நிறைந்திருக்கும் மே முதல் வாரத்தில் புறப்பட்டோம்.

விட்பியில் என் வீட்டிலிருந்து காலை 4.50க்குக் கிளம்பி, மச்சாளை ஏற்றிக்கொண்டு, நடை தொடங்கும் பெல் ஏரிக்கு 10.45க்குப் போய்ச் சேர்ந்தோம். போக வரப் பெற்றோலுக்கு 118 டொலர். முழுப் பாதையும் 78 கிலோமீட்டர்ச் சுற்று. நாங்கள் நடந்தது கிழக்குப் பக்கம் மட்டும், இரண்டு இரவு.

வெயில் படும் சரிவுகளில் பனி இல்லை. வடக்குச் சரிவிலும் பாறை இடுக்குகளிலும் முழங்கால்வரை இருந்தது. காலையில் கல்லுப்போல, பிற்பகலில் கூழ்போல. சப்பாத்தில் மாட்டும் பல்லுச் சங்கிலி இல்லாமல் போகாதீர்கள். தண்ணீருக்கோ குறைவே இல்லை. ஓர் ஓடையை இறங்கித்தான் கடக்க வேண்டியிருந்தது. அந்தக் குளிருக்கு மச்சாள் அந்தோனியாரில் தொடங்கித் தெரிந்த புனிதர்கள் எல்லோரையும் கூப்பிட்டு முடித்தார்.

இனி என் முட்டாள்தனம். ஓடைத் தண்ணீரைக் குடிக்கச் சுத்தமாக்கும் வடிகட்டி உறையாமல் இருக்க, இரவில் அதைப் படுக்கைப் பைக்குள் வைக்கவேண்டும். இது எனக்குத் தெரியும். ஆனால் வாய்க்குப் போகிற சாமானைக் கால்மாட்டில் போட்டுக்கொண்டு படுப்பதா என்று மனம் கேட்கவில்லை. துடைத்து, சுத்தமாக, கூடாரத்துக்கு வெளியே மரக்கிளையில் தொங்கவிட்டேன். அன்றிரவு சுழியத்துக்குக் கீழே நான்கு பாகை. விடிய அது கட்டையாக இருந்தது. உறைந்த வடிகட்டி உள்ளே வெடித்திருக்கும். இளகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் நம்பக்கூடாது.

இருந்தது ஒன்றரைக் காஸ் போத்தல். ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் ஏறவேண்டும். ஆறவைக்க நேரமில்லை, சுடுதண்ணீரை வெறுமனே குடிக்க இருவராலும் முடியாது. காஸை மிச்சம் பிடிக்கக் காலைத் தேநீரை விட்டுவிடுவோம் என்றேன். பேசாமல் திரும்பிவிடலாமா என்றும் கேட்டேன். என்னால் அவருடைய ஆசை இரண்டாம் தடவையும் கெடப்போகிறது என்று அழுகை வந்தது. மச்சாள் சட்டியை எட்டிப் பார்த்தார்.

"கொதிக்கிற தண்ணிக்கை தேயிலையைப் போட்டா அது வேண்டாமெண்டே சொல்லும்? போடும், வெளிக்கிடுவம்."

இரண்டு பிளாஸ்க், ஒரு போத்தல், எல்லாம் பால் விடாத பிளேன் ரீ, இஞ்சியும் சீனியும் போட்டு. கூடாரத்திலிருந்து உச்சிக்கு ஐந்து கிலோமீட்டர். கடைசி ஏற்றத்தில் நான் இரண்டு தடவை சறுக்கினேன்; மச்சாள் ஒரு தடவையும் இல்லை, பதினேழு மாடி என்றால் சும்மாவா.

போக நினைப்பவர்களுக்கு: உச்சியில் தண்ணீர் இல்லை, அடிவாரத்து ஓடையிலேயே நிரப்புங்கள். பனியை உருக்கலாம் என்று நம்பவேண்டாம், ஒரு சட்டிப் பனி ஒரு கோப்பைத் தண்ணீராகும், காஸ்தான் தீரும். வடிகட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுங்கள், கூச்சம் வேண்டாம். தேயிலையைத் தாராளமாகக் கொண்டுபோங்கள்.

அறிவுரை போதும், உச்சிக்கு வருவோம். மதியம் 12.20. வெள்ளைப் பாறை, கீழே நீல ஏரிகள், நிழல் விழுந்த ஓரங்களில் இன்னும் பனிக்கட்டி. மச்சாள் சிலுவை அடையாளம் போட்டு, பிளாஸ்க் மூடியில் கடைசித் தேநீரை ஊற்றி, பாதியை எனக்குத் தந்தார்.

"போன வருசம் தண்ணி இல்லையெண்டு திரும்பினன்," என்றார். "இந்த வருசம் ஒரு சொட்டுத் தண்ணி குடியாமல் ஏறீட்டன்."