செட்டை இல்லாத தூதர்

வியா மக்வேதா தெருவை ஒட்டிய சந்தில் பழைய அச்சுப்படக் கடை. செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட பதினேழாம் நூற்றாண்டு முகங்கள் சுவர் முழுக்க முறைக்கின்றன. எல்லோருக்கும் சரிகைக் கழுத்துப்பட்டி, கூர்மீசை. சட்டங்களைத் துடைக்கும், மன்னாரிலிருந்து வந்த அக்கா, ஒரு படத்தின் முன் நின்று நான் தமிழில் முணுமுணுப்பதைக் கேட்டுத் திரும்புகிறார்.

"ஆர் தம்பி இவர்? கிழமைக்கு ரெண்டு தரம் துடைக்கிறன், பேர் தெரியாது."

"பேர் எனக்கும் தெரியாதுக்கா. தூதர்."

சட்டென்று சிலுவை போட்டுக்கொள்கிறார். பிறகு படத்தை உற்றுப் பார்க்கிறார். "தூதர் எண்டால் செட்டை எங்கை?"

சிறகு முளைத்த சம்மனசு இல்லை, அரசன் அனுப்பிய ஆள் என்கிறேன். ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரை நிறுத்தப் போன கூட்டம். அறைக்குள் யார் முதலில் நுழைவது என்றே மாதக்கணக்கில் மல்லுக்கு நின்ற கூட்டம்.

"பிறகு?"

"வருஷக்கணக்காகக் காத்திருந்து கையெழுத்து வாங்கிட்டாங்க."

அக்காவின் துணி நிற்கிறது. "எனக்கும் நாளைக்குக் குவெஸ்தூராவில தவணை, தம்பி. பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குடுத்து எட்டு மாசம்."

பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி. குவெஸ்தூரா, அதைத் தரும் போலீஸ் அலுவலகம்.

படத்தை மறுபடி துடைக்கிறார், இம்முறை மீசை நுனிவரை மெதுவாக.

"செட்டை இல்லாட்டிப் பரவாயில்லை. கையெழுத்து வாங்கத் தெரிஞ்சவர்தானே!"

இன்னொரு சிலுவை போட்டுக்கொள்கிறார்.