முறைமாப்பிள்ளை படுத்த கட்டில்

அன்னக்கொடிக்குக் காலையில் சோறு இறங்காது. நர்சிங் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். ராசிங்காபுரத்தில் தமிழில் படித்தவள், மதுரையில் இங்கிலீஷ் பாடங்களை உருப்போட்டாள். வார்டு டூட்டி முடித்த கையோடு வகுப்பில் போய் உட்காருவாள். கண் சொருகினால் திட்டு, ஊசி போடும்போது கை நடுங்கினால் அதற்கும் திட்டு. கூடச் சேர்ந்தவர்களில் சிலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இவள் மட்டும் அழ வேண்டியதைக் குளியலறையில் அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கடைசி வருடத்தையும் எட்டிவிட்டாள்.

அந்த எண்பத்து மூன்றாம் வருடம், பயிற்சிக்காக அவளுடைய குழுவைப் போடியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். "ஒனக்கென்னடி, சொந்த ஊருப் பக்கம்" என்று தோழிகள் பொறாமைப்பட்டார்கள். அவளுக்கோ அங்கே போகவே பயம். மதுரையில் ஒரு ஆம்பிளை நோயாளியின் மேலைத் துடைத்துவிட்டால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. இங்கே வார்டுக்குள் வருகிற பாதிப் பேர் அவளை இன்னார் மகள் என்று அறிந்தவர்கள்.

பயந்தபடியே ஆயிற்று. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் போடிமெட்டு வளைவில் கவிழ்ந்தது. தொடை எலும்பு முறிந்து வந்த டிரைவர், அவளுடைய தாய்மாமன் பெரியகருப்பனின் மகன் திருப்பதி. காலில் எடை கட்டித் தொங்கவிட்டு அவனைப் படுக்க வைத்தார்கள். அந்த வரிசைக் கட்டில்கள் அன்னக்கொடியின் பொறுப்பு. மறுநாள் காலை வெந்நீரும் துணியுமாகப் போய், மற்றவர்களுக்குச் செய்ததுபோலவே அவனுக்கும் உடம்பைத் துடைத்துவிட்டாள். அவன் கூச்சத்தில் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

பக்கத்துக் கட்டிலில் கை முறிந்து கிடந்த குரங்கணிக்காரர் சோணைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மாரியம்மன் திருநாளுக்கு முறைக்காரன் மேல மஞ்சத்தண்ணி ஊத்துவாக. நீ ஆஸ்பத்திரியிலயே ஊத்திட்ட தாயி!"

வார்டே சிரித்தது. சிரிப்பு அன்றைக்கே பஸ் ஏறி ராசிங்காபுரம் போய்ச் சேர்ந்தது.

அப்பா இல்லாத அன்னக்கொடியைக் கல்லூரியில் சேர்த்துவிட்டவர் இந்த மாமாதான். அவர் சொன்னால் அம்மா ஒச்சம்மாள் மறுபேச்சுப் பேசமாட்டாள். அவர் அடுத்த நாளே பூவும் வெற்றிலையும் வைத்த தட்டோடு, தங்கச்சி ஒச்சம்மாளையும் கூட்டிக்கொண்டு வார்டு வராந்தாவில் வந்து நின்றார்.

"முறைக்காரன் மேலத் தொட்டாச்சு. ஊருக்கும் தெரிஞ்சாச்சு. இனி ஒனக்குப் படிப்பு எதுக்காத்தா? பூவை வச்சுக்கிட்டு வெரசாக் கெளம்பு."

"பரீட்சை இருக்கு மாமா."

"எம் மருமகளுக்கு என்னத்துக்குப் பரீட்சை?"

சத்தம் கேட்டு, பயிற்சிக் குழுவோடு மதுரையிலிருந்து வந்திருந்த ஆசிரியை சந்திரவல்லி வந்தார். அன்னக்கொடியைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"குடும்பச் சண்டையை வார்டுக்குள்ள கொண்டு வராதே. ஒன்னைப் பெண்கள் வார்டுக்கு மாத்திடறேன். எல்லாருக்கும் நிம்மதி."

ஒரு நிமிடம் அவளுக்கே அது சரியென்று பட்டது. பெண்கள் வார்டில் மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிராது. ஆனால் இன்றைக்கு இந்தக் கட்டிலை விட்டால், நாளைக்கு இன்னொரு சொந்தக்காரனுக்காக இன்னொரு கட்டிலை விட வேண்டும்.

"நான் மாறிப்போனா அவங்க சொல்றது சரின்னு ஆயிடும் மேடம். நான் தப்பு ஒண்ணும் செய்யலை."

"இங்கே ரகளை நடந்தா ஒன் ரிப்போர்ட்டுலதான் எழுதுவேன். இந்தப் பயிற்சியை மறுபடி செய்ய வேண்டி வரும்."

"எழுதுங்க மேடம்."

அன்னக்கொடி வெந்நீர் பேசினையும் ஸ்பிரிட்டையும் பவுடரையும் எடுத்துக்கொண்டு திருப்பதியின் கட்டிலுக்குப் போனாள். மாமா தட்டோடு பின்னாலேயே வந்தார்; அம்மாவும் வந்தாள்.

"இவ்வளவு சொல்லியும் தொடப் போறியா?"

"இந்த வரிசையில படுத்திருக்கிற அத்தனை ஆம்பிளைக்கும் நான்தான் மேலத் தொடைச்சுவிட்டேன் மாமா. எல்லாருக்கும் என்னையக் கட்டிக் குடுப்பீகளா?"

"அய்யய்யோ, என்னைய விட்டுரு தாயி! எனக்கு வீட்டுல ஒருத்தி இருக்கா" என்றார் சோணை.

இந்தத் தடவை சிரிப்பு மாமாவின் பக்கம் திரும்பியது. அவர் முகம் கறுத்தது.

"தட்டைப் பெஞ்சுல வைங்க மாமா. ரெண்டு கையையும் இடுப்புக்குக் கீழ குடுத்துத் தூக்குங்க. கால் அசையக் கூடாது."

"நானா?"

"தூக்குங்கப்பு!" திருப்பதி பல்லைக் கடித்தான். "முதுகு நெருப்பா எரியுது. கல்யாணப் பேச்சு பேசுற நேரமா இது?"

பெரியகருப்பன் தூக்கினார். மகனின் முதுகு ஓரிடத்தில் கன்றிச் சிவந்திருந்தது. தோல் உரியும் நிலைமை. அன்னக்கொடி துடைத்து, ஈரம் ஒற்றி, ஸ்பிரிட் தேய்த்து, விரிப்பின் சுருக்கத்தை நீவி விட்டாள்.

"தினமும் இப்படிச் செய்யலேன்னா படுத்த எடமெல்லாம் புண்ணாயிரும். அதுக்குத்தான் மாமா தொடுறேன். வேற எதுக்கும் இல்லை."

அவர் மகனை மெல்ல இறக்கினார். மனம் இறங்கியதாகத் தெரியவில்லை. தட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு தங்கச்சி பக்கம் திரும்பினார்.

"ஏத்தா ஒச்சு, இன்னும் எத்தனை பேரு சிரிக்கணும்? போயி இவ பெட்டியை எடுத்துட்டு வா. கையோடக் கூட்டிட்டுப் போவோம்."

ஒச்சம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"நான் எடுக்க மாட்டேண்ணே."

"என்னது?"

"அவ படிச்சு முடிக்கட்டும். நீங்க பஸ்சுக்குப் போங்க. திருப்பதி கிட்ட நான் இருந்து பாத்துக்கிறேன்."

அண்ணன் முன்னால் அவள் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை போலும்; சொல்லிவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெரியகருப்பன் தனியே படியிறங்கிப் போனார்.

சந்திரவல்லி சொன்னபடியே ரிப்போர்ட்டில் "பிடிவாதக்காரி" என்று எழுதினார். பயிற்சியை மறுபடி செய்யச் சொல்லி மட்டும் எழுதவில்லை. அன்னக்கொடி அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டாள்.