அம்மாவுக்குக் காட்ட ஒரு கிள்ளான்

கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவர்களே, நம் தொழிலில் வெயிலையும் மழையையும்கூடச் சமாளித்துவிடலாம், பெண்ணின் அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

போன மாதம் கயல் வந்தாள். மதுரைப் பெண், கடல் கடந்து வந்து எங்கள் பக்கத்து ஊர் ஷா ஆலமில் வேலை. எங்கள் கிள்ளான் பையன் குமரனைக் கட்டிக்கொள்ள ஆசை. முன்பின் பார்க்காத ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாராம். ஊரை அழகாகப் படம் பிடித்து அனுப்பினால் மனம் இளகும் என்று இருவரும் என்னிடம் வந்தார்கள். ஒரே நிபந்தனை, பையன் படத்தில் விழக் கூடாது. அவன் பேரைக் கேட்டாலே அம்மா போனை வைத்துவிடுவாராம். அதனால் அன்று முழுக்க மாப்பிள்ளைதான் எனக்குக் குடை பிடித்தார்.

எந்தக் கம்பம்?

ஆற்றோரத்தில் மஞ்சளும் ஊதாவுமாகப் பலகை வீடுகள் உள்ள ஒரு கிராமம். கிராமத்தை நாங்கள் கம்பம் என்போம். “அந்தக் கம்பத்துப் பக்கம் போய் நில்லும்மா” என்றேன். கயல் நேராகப் போய் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். இன்னும் அந்தப் பக்கம் என்று நான் கை காட்டக் காட்ட, அடுத்தடுத்த விளக்குக்கு நகர்ந்தாள். கடைசியில் மூச்சு வாங்கக் கேட்டாள்: “அண்ணே, எந்தக் கம்பம்னு தெளிவாச் சொல்லுங்க, இங்க எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு.”

மேட்டு வெயில்

மேட்டுச் சாலையில் பழைய கடைவீடுகள் பச்சை, ரோஸ், நீலம் என்று வரிசையாக இறங்கும். நல்ல வெளிச்சம். ஆனால் நடுவீட்டு மாடியில் கைலியும் போர்வையும் காய்ந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரம் எடுத்துவிடச் சொல்லி அந்த வீட்டு ஆன்டியிடம் கெஞ்சினேன். அவர் கயலை ஏற இறங்கப் பார்த்தார். “ஒரு வாரமா மழை லா தம்பி. கல்யாணப் போட்டோ நாளைக்குக்கூட எடுக்கலாம், இந்த வெயில் நாளைக்கு வருமா?”

படகுத் துறையில்

மாலையில் போர்ட் கிள்ளான். பின்னால் கப்பல்கள், வானமெல்லாம் ஆரஞ்சு. எடுத்தவற்றைத் தள்ளிப் பார்த்தபோது எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு படத்திலாவது இந்தப் பெண் கேமராவைப் பார்க்க வேண்டுமே! எல்லாவற்றிலும் பார்வை என் தோளுக்கு மேலே. மறுபடி எடுக்கலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவசரக்காரி அத்தனையையும் மதுரைக்கு அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வீடியோவில் வந்தார். குமரன் குடையோடு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டான். மேடு, கப்பல், வானம் எதைப் பற்றியும் அம்மா கேட்கவில்லை. “ஏன்டி, எல்லாப் படத்துலயும் யாரையோ பாத்து இப்படிச் சிரிக்கிற? அவர இங்கிட்டு வரச் சொல்லு, நானும் பாக்குறேன்.”

ஊரைக் காட்டத்தான் நாள் முழுக்க மேடு ஏறி இறங்கினேன், கடைசியில் அம்மா பார்த்ததோ நான் அரும்பாடுபட்டுப் படத்தில் விழாமல் காப்பாற்றிய ஆளை.