காலைப் பஸ்ஸுக்கு ஒரு ஓட்டு

எங்கள் ஊர் குன்னத்துக்குப் பக்கம். பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே ஊராட்சி வார்டு உறுப்பினராகவும் இருந்தேன். துணைத் தலைவர் பதவி விலகியபோது அந்த இடத்துக்கு இரண்டு உறுப்பினர்கள் போட்டி போட்டார்கள். ஓட்டுப் போடுவது ஊர் மக்கள் அல்ல, எங்களைப் போன்ற உறுப்பினர்கள்தான். ஒருவர் உரக்கடைக்காரர். இன்னொருவர் மக்காச்சோளம் பயிரிடும் ஒரு அக்கா.

விலைவாசி கழுத்தை நெரித்த சமயம் அது. சிலிண்டர், பருப்பு எல்லாம் ஏறிக்கொண்டே போக, என் சம்பளம் மட்டும் அப்படியே நின்றது. பால் வாங்குவதை நிறுத்தி வரக்காப்பிக்கு மாறியிருந்தோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாதுதான். ஆனால் பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். மெயின் ரோடு வரை போக ஷேர் ஆட்டோவுக்குத் தினமும் அழ வேண்டும்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு உரக்கடைக்காரர் எண்ணெய் கேனோடு வீட்டுக்கு வந்தார். ஐந்து லிட்டர். என் கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை.

"எண்ணெ வேணாங்கண்ணே. காலைல பஸ்ஸ ஊருக்குள்ள கொண்டாருவீங்களா?" என்று கேட்டேன்.

"மொதல்ல ஜெயிக்க வையி. அப்புறம் பாப்போம்" என்று கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்காவிடமும் அதையே கேட்டேன். "எனக்கு ஆபீசருங்ககிட்ட பேச வராதுடி. நீ பேசு, நான் கூட வரேன்" என்றார். என் ஓட்டு அவருக்குத்தான்.

ஓட்டுகளை எண்ணியபோது இருவருக்கும் சரிபாதி. அதிகாரி சீட்டுக் குலுக்கினார். உரக்கடைக்காரர் பெயர் வந்தது. வெளியே வந்த அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டிப்போவுக்கு என்னிக்குப் போறோம்?" என்றார்.

பஸ் கேட்டு மனு எழுதித் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கினோம். நாங்கள் டிப்போவுக்குக் கிளம்பிய காலையில் உரக்கடைக்காரர் பைக்கை நிறுத்தினார். "என்னைய வுட்டுட்டுப் போறீங்களேம்மா? எம் பொண்ணுந்தான் ஆட்டோல காலேஜ் போவுது" என்றவர், பைக்கை ஓரங்கட்டிவிட்டு எங்களோடு வந்தார்.

ஊருக்குள் பஸ் திரும்ப இடமில்லை என்றார் டிப்போ அதிகாரி. அந்த வாரமே ஊர் முனையில் மண்டிக்கிடந்த கருவேலத்தை எல்லோரும் சேர்ந்து வெட்டினோம். துணைத் தலைவராகிவிட்ட உரக்கடைக்காரர் தன் டிராக்டரைக் கொண்டுவந்து மேட்டைச் சமப்படுத்தினார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே உள்ளே வந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே முண்டியடித்து ஏறினார்கள். மாலைப் பஸ் இன்னும் வரவில்லை. மூவருமாகப் போய் மனு கொடுத்திருக்கிறோம். கிடைத்துவிடும் என்றே நம்புகிறேன்.