குகைக்குப் போன ஆடி அமாவாசை

பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு அதே வீதியில் சொந்தமாகவே ஒரு ரெஸ்டோரண்ட் போட்டேன். பிரெஞ்சு எழுத வராது. ஆனால் வாய் திறந்தால் விசா கொடுக்கிற பிரிபெக்தூரில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற வெள்ளைக்காரியையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வெளியே வருவேன். என் பேச்சைக் கேட்க மட்டும் கடைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனாலும் அந்தப் படகுப் பயணத்தைப் பற்றி நான் கடையில் அதிகம் பேசியதில்லை.

ஊரில் யுத்தம் முடிந்து நாலாவது கோடை. மகள் தெற்கே ஓர் ஆற்றில் ஒரு வாரத்துக்குப் படகு வாடகைக்கு எடுத்தாள். படுக்க, சமைக்க எல்லாம் உள்ளேயே. ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை. நான்தான் ஓட்டினேன். இரண்டு இடத்தில் கரையில் முட்டியது. அங்கே ஆறு அப்படி வளைந்திருந்தது.

அந்த வாரத்துக்குள் ஆடி அமாவாசை வந்தது. அப்பாவுக்கு நான் விரதம் தவறவிட்டவன் அல்ல. வாழையிலை, கறுத்த எள்ளு, இந்த விரதத்துக்கென்றே சமைக்கிற, விமானத்தில் வந்திறங்கிய கைப்புக் காத்தோட்டிக்காய் எல்லாவற்றையும் லா சப்பலிலேயே வாங்கிப் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன்.

இலை வெட்டும்போது வருசா வருசம் மனைவியிடம் ஒரு கேள்வி கேட்பேன்.

"எத்தினை இலை?"

"மாமாவுக்கு ஒண்டு."

மாமா என்றது என் அப்பாவை. கேள்வி அவளுடைய தம்பிக்காக. யுத்தத்தின் கடைசி நாட்களில் காயத்தோடு பங்கர் குழிக்குள் இருந்தான் என்று ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை. கல்யாணம் கட்டாதவன். எள்ளும் தண்ணீரும் இறைக்கப் பிள்ளை கிடையாது. அத்தான் நான்தான் இறைக்கவேண்டும். ஆனால் இலை போட்டால் அவன் செத்துப்போனான் என்று அவள் ஒத்துக்கொண்டதாகிவிடும். அந்த வருசம் முதல்நாளே கேட்டேன்; அதே பதில்தான் வந்தது.

விடியச் சமைத்து மூடிவைத்தாள். ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய குகையைப் பார்க்க மகள் டிக்கெட் எடுத்திருந்ததால், வந்து படைப்போம் என்று வெறும் வயிற்றோடு போனோம்.

உள்ளே குளிர். மேலிருந்து கல், ஈரச் சேலைகளைக் காயப்போட்டதுபோல மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னாலும் ஒரு விளக்கு.

"எல்லாம் லைட்டின்ரை வேலை" என்றேன். "என்ரை கடைக்கு இப்பிடிப் பூட்டினாலும் சனம் டிக்கெட் எடுத்துத்தான் வரும்."

"அப்பா, உங்கடை தோசையைப் பாக்க டிக்கெட்டோ? கொஞ்சம் சும்மா வாங்கோ" என்றாள் மகள்.

ஓரிடத்தில் கம்பி அடைத்திருந்தது. உள்ளே இறுகிய களிமண்ணில் சின்னக் காலடிகள். ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்திய ஒரு பொடியனுடையவை என்று வழிகாட்டிப் பெண் சொல்ல, மகள் தமிழில் சொன்னாள். பிறகு, பழைய இருட்டு எப்படி இருந்திருக்கும் என்று காட்ட அந்தப் பெண் விளக்குகளை அணைத்தாள்.

என் கையே எனக்குத் தெரியவில்லை. எங்கேயோ தண்ணீர் சொட்டியது. மனைவி என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"பங்கருக்குள்ளையும் இப்பிடித்தானே இருந்திருக்கும்."

இருட்டில் அவள் கையைத் தடவிப் பிடித்தேன்.

வெளிச்சம் வந்தது. மற்றவர்கள் நடந்தார்கள். அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"ஆரின்ரை பெடியன் எண்டு கேளம்மா."

மகள் கேட்டாள். "அது ஒருத்தருக்கும் தெரியாதாம். இதாலை வந்தவன், அவ்வளவுதானாம்."

"திரும்பிப் போன அடி இருக்கோ?"

"இல்லையாம், அம்மா."

"ஆரெண்டே தெரியாத பிள்ளைக்குக் கம்பி அடைச்சுக் காவலும் வைச்சிருக்கினம்" என்றாள். பிறகு எங்களுக்கு முன்னால் படகுக்கு நடந்தாள்.

இலையை விரித்துக் கத்தியை எடுத்தேன். இரண்டாந்தரம் கேட்கவில்லை. அவளே கத்தியை வாங்கி இரண்டு இலை வெட்டினாள்.

"இஞ்சேருங்கோ, அவன்ரை பேரையும் சொல்லி இறையுங்கோ."

படகின் பின்பக்கத்தில் குந்தினேன். ஐயர் இல்லாமலே இதைச் செய்ய எனக்குத் தெரியும். அப்பாவின் பெயர் சொன்னேன், அப்பப்பாவின் பெயர் சொன்னேன். அடுத்தது அவன் பெயர். "அத்தான்ரை வாய்க்குப் பாரிஸ் காணாது" என்று டெலிபோனில் என்னைப் பகிடி பண்ணுகிறவன் அவன். கையில் எள்ளுத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று அந்தப் பெயரைச் சொன்னாள். சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள். நான் இறைத்தேன். எள்ளு கொஞ்சத் தூரம் மிதந்து போனது. தீனி என்று நினைத்து வாத்துகள் வந்தன. மகள் கையால் விசுக்கிக் கலைத்தாள்.

உள்ளே போனபோது மனைவி படையல் போட்டிருந்தாள். சோறு ஆறிப்போயிருந்தது. அப்பாவின் இலையில் எல்லாக் கறியும் இருந்தது. மற்ற இலையில் வைத்த காத்தோட்டிக்காயை விரலால் வழித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கத்தரிக்காய் வைத்தாள்.

"அவன் கைப்புத் தின்னமாட்டான்" என்றாள்.

இப்போதும் ஆடி அமாவாசைக்கு இரண்டு இலை போடுகிறோம். ஒன்றில் காத்தோட்டிக்காய் வைப்பதில்லை.