ஆர்விட்டின் இருபத்தேழு பனிவண்டிகள்

சுப்பீரியர் ஏரியிலுள்ள டோரன் தீவின் மொத்தச் சனம் நூற்றுப் பத்து. ஆர்விட் டோலஃப்சன் ஒருவரிடம் மட்டும், பனிமேல் மோட்டார் சைக்கிள் போல ஓட்டும் பனிவண்டிகள் இருபத்தேழு இருந்தன. கேட்டவர்களுக்கெல்லாம் காட்டுவார். தொட விடமாட்டார். ஓட்டக் கேட்டால், அதுவரை நன்றாகக் கேட்ட காது அந்த நிமிஷம் மட்டும் மந்தமாகிவிடும்.

அவற்றில் மூன்று புதியவை. சாவியைத் திருப்பினால் உறுமும், கைப்பிடி சூடாகும், திரையில் வழி காட்டும். மற்ற இருபத்துநான்கும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பிறந்தவை. கயிற்றை இழுத்துத்தான் எழுப்ப வேண்டும். ஒன்றைக் கனடாவில் ஒரு கோழிக் கொட்டகைக்குள் கண்டுபிடித்தார். இன்னொன்று, மச்சினன் கல்யாணத்துக்குக் கரைக்குப் போன இடத்தில் கிடைத்தது. விருந்தில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் வண்டியோடு திரும்பி வந்தவர் அவர்.

"உக்கார்றதுக்கு உனக்கு ஒரு பின்பக்கம்தானேய்யா இருக்கு? இருபத்தேழு சீட்டு எதுக்கு?" என்று அவர் மனைவி லொரேன் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் அடுத்த வண்டியின் கயிற்றை இழுப்பார்.

ஆனால் சும்மா வாங்கி அடுக்கி வைக்கும் ஆள் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. தீவின் சாலைகளில் பனி தள்ளும் வண்டியை ஓட்டிவிட்டு வந்து, குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு பனிவண்டியையும் வாரம் ஒரு தடவையாவது ஓட்டிவிடுவார். கடையில் கிடைக்காத பாகத்தை ராவி ராவி அவரே செய்துகொள்வார். கொட்டகைக்கு வெளியே நின்று கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே உறுமுவது எந்த வருஷத்து வண்டி என்று சொல்லிவிடுவார். இப்படி ஒரு காதும் இப்படி ஒரு பொறுமையும் எனக்குத் தெரிந்து அந்த ஏரிக்கரையில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

அவரை ஓயாமல் கிண்டல் செய்தவர் ஹார்லன் டுஃபோ. நாற்பத்தோரு வருஷம் தீவுக்கும் கரைக்கும் படகு ஓட்டிய கேப்டன். "டேய் டோலஃப்சன், உன் இரும்பையெல்லாம் என்கிட்ட குடுடா. நங்கூரத்துக்காவது ஆகும்" என்பார், படகில் பத்துப் பேர் கேட்கும்படியாக. ஆர்விட் சிரிக்கமாட்டார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வலித்தது என்பதுதான் நிஜம்.

அந்த ஹார்லன் ஒரு பிப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமை கரையிலுள்ள ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்.

தீவில் அவர் மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் இருந்தது. குழியும் தோண்டியாகிவிட்டது. அவரைக் கொண்டுவரத்தான் வழியில்லை. சுப்பீரியர் ஏரி அந்த வருஷம் தாமதமாக உறைந்ததில், பனிக்கட்டி ஐந்து அங்குலம்தான் கட்டியிருந்தது. படகு போக முடியாது, லாரி ஏறினால் உள்ளே போய்விடும். ஏப்ரல் வரை கரையிலேயே குளிரறையில் வைத்திருப்பது என்று பேச்சு வந்தது. ஹார்லனின் மகள் வெர்னா, தீவின் தபால் ஆபீஸ்காரி, அதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடைசியாகப் பார்த்தபோது அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒரே ஒரு விஷயம்: "என்னைக் கரையில விட்டுட்டுப் போயிடாதம்மா."

தீவின் சாராயக் கடைக்காரன் டுவேனிடம் போன வருஷம் வாங்கிய பனிவண்டி இருந்தது. ஏரியைக் கடந்து நானே அவரைக் கொண்டுவருகிறேன் என்று கிளம்பினான்.

"கொதிச்சிடும் டுவேன். ஏரியில பொட்டு உதிரிப்பனி கிடையாது, கண்ணாடி மாதிரி வெறும் கட்டி" என்றார் ஆர்விட்.

"ரெண்டரை மைல்தானே ஆர்விட். உங்க காலத்து வண்டின்னு நெனச்சீங்களா?"

புது வண்டிகளின் எஞ்சின் குளிர்வது, ஓடும்போது அடியில் சுழலும் ரப்பர்ப் பட்டை வாரியடிக்கும் உதிரிப்பனியால்தான். பட்டை வழுக்கிச் செல்லும் பிளாஸ்டிக்குக்கும் அந்தப் பனிதான் எண்ணெய். டுவேன் ஒரு மைலில் எஞ்சின் சூட்டை எச்சரிக்கும் சிவப்பு விளக்கைப் பார்த்தான், ஒன்றேகால் மைலில் பிளாஸ்டிக் கருகும் நாற்றத்தை முகர்ந்தான், அதற்கப்புறம் நடந்து வந்தான்.

புதன்கிழமை மாலை வெர்னா ஆர்விட்டின் கொட்டகைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அப்பா உங்களைப் பேசாத பேச்சில்ல. எனக்குத் தெரியும். கேக்க வாய் வரல."

"கேளு."

"பழைய வண்டி ஒண்ணு. பெட்டியை மட்டும் இழுத்துட்டு வர."

ஆர்விட் வரிசையைப் பார்த்தார். கிழட்டு வண்டிகளுக்குக் காற்றே போதும், குளிர்ந்துவிடும். பட்டைக்குள் உருளுவது சின்னச் சின்னச் சக்கரங்கள், கருகுவதற்கு ஒன்றுமில்லை. போதாததற்கு எடையும் புதியதில் பாதிதான்.

"பெட்டி மட்டும் வந்தா போதுமா? கரையில இருக்கிற உங்க அத்தை, பாதிரியார், சொந்தக்காரங்க?"

"பத்துப் பேர் வரணும்னு இருந்தாங்க. அதெல்லாம் விடுங்க."

"அஞ்சு அங்குலத்துல கூட்டமாப் போனாத்தான் ஆபத்து. தனித்தனியா, தள்ளித் தள்ளிப் போனா தாங்கும்." அவர் வரிசையை விரல் விட்டு எண்ணினார். "பன்னெண்டு வண்டி எடுக்கலாம். ஓட்ட ஆள் பிடி."

உள்ளே காபி கொண்டுவந்த லொரேன் நின்ற இடத்திலேயே நின்றாள். "யாருய்யா பேசுறது? நீயா?"

வியாழனும் வெள்ளியும் பன்னிரண்டு பட்டைகளிலும், பனிக்கட்டி வழுக்காமல் இருக்க, ஆணி முடுக்கினார்கள். ஆர்விட் ஒரு பக்கம் ஸ்பேனர் பிடிக்க, மறுபக்கம் லொரேன் பிடித்தாள். முப்பது வருஷத்தில் அவள் அந்த வண்டிகளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "இது அழகாத்தான்யா இருக்கு" என்றாள் ஒரு பச்சை வண்டியைப் பார்த்து. ஆர்விட்டுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

சனிக்கிழமை காலை அவர் வண்டிகளைப் பங்கு வைத்ததைப் பார்த்திருக்க வேண்டும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர் தோற்றார். முரடனுக்குச் சாது வண்டி, பயந்தவனுக்கு ஒரே இழுப்பில் கிளம்பும் வண்டி. டுவேனுக்குக் கொடுத்தது இருப்பதிலேயே மெதுவானது. வெர்னாவுக்கு மஞ்சள் வண்டி. யார் பின்னாலும் உட்கார்ந்து வரமாட்டேன், அப்பாவுக்குப் பின்னால் நானே ஓட்டி வருவேன் என்று அவள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு புது பிளக்கும் ஸ்பேனரும் போட்டுவிட்டுச் சொன்னார்: "அறுபது தப்படி இடைவெளி. யார் நின்னாலும் மத்தவங்க நிக்கக் கூடாது, கிட்ட போகவே கூடாது. முக்கியமா ஒண்ணு. சாவுன்னு சொல்லி மெதுவாப் போகாதீங்க. இதெல்லாம் ஆயில் கலந்த பெட்ரோல் குடிக்கிற வண்டி. மெதுவாப் போனா பிளக்குல கரி பிடிச்சு மூச்சு நின்னுடும்."

போகும்போது ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டும் வரிசையாக, நீலப் புகை விட்டுக்கொண்டு கரை சேர்ந்தன. சவப்பெட்டியைச் சறுக்குப் பலகையில் ஏற்றி, இரும்புத் தண்டால் ஆர்விட்டின் வண்டியோடு பிணைத்தார்கள். மற்றப் பத்து வண்டிகளின் பின் சீட்டிலும் ஆளுக்கொருவர் ஏறினார்கள். டுவேனின் பின் சீட்டில் வெர்னாவின் எழுபது வயது அத்தை ஏறி, பாதிரியாரின் கம்பளித் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, டுவேனை விரட்டினாள்: "கிளம்புப்பா. எங்கண்ணன் காத்திருக்க மாட்டான்."

திரும்பும் வழியில்தான் ஆர்விட் அந்தத் தப்பைச் செய்தார். பின்னால் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். வெறும் பனிக்கட்டியில் அந்தப் பெட்டி அசையாமல் வந்துகொண்டிருந்தது. நாற்பத்தோரு வருஷம் வாய் ஓயாத மனுஷன் ஒரு வார்த்தையும் பேசாமல் பின்னால் வந்துகொண்டிருந்தார். விசையை அழுத்திய ஆர்விட்டின் கை தானாகவே தளர்ந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர், செத்தவருக்கு மரியாதை என்று நடை வேகத்துக்கு இறங்கிவிட்டார். வரிசை முழுக்க அவருக்குப் பின்னால் மெதுவானது.

பாதி வழியில், ஏரி விரிசல் விட்டு மறுபடி உறைந்த இடம் ஒன்று உண்டு. ஆர்விட்டின் வண்டியின் முன் சறுக்கு அதில் ஏறிய நேரத்தில் பின்னால் பதினொரு குரலில் ஒன்று இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. மஞ்சள் வண்டி.

இத்தனை எடையோடு விரிசல் மேல் நிற்க முடியாது. திரும்பவும் முடியாது. பனிக்கட்டி காலுக்குக் கீழே நீளமாக முனகியது. அவர் போட்ட சட்டம் அவரையே கட்டிப்போட்டது. மற்ற வண்டிகள் அவளை விலகி விலகிக் கடந்தன. ஒருவரும் நிற்கவில்லை, சொன்னதைக் கேட்டார்கள். ஆர்விட் ஹார்லனை இழுத்துக்கொண்டு முன்னே போனார், ஹார்லனின் பெண்ணை நடு ஏரியில் விட்டுவிட்டு. இந்தப் பாவத்துக்கு என்னைக் கிண்டல் செய்யவாவது எழுந்து வாய்யா என்று அவர் வாய்விட்டே சொன்னார்.

விரிசலைத் தாண்டினார். நூறு தப்படி, இருநூறு தப்படி. காதைத் தீட்டிக்கொண்டு போனார். பத்துக் குரல்தான் கேட்டது.

அப்புறம் தூரத்தில், வெறும் கயிறு இழுபடும் சத்தம். மறுபடி. மூன்றாவது தடவை மஞ்சள் வண்டி கத்தியது.

அவள் வரிசையைச் சுற்றிக்கொண்டு முழு வேகத்தில் வந்தாள். கையுறை இல்லை. பிளக்கை மாற்றிய விரல்களிலும் மூக்கிலும் கரி. ஆர்விட்டின் வண்டிக்கு இணையாக, தள்ளியே ஓட்டியபடி தொண்டை கிழியக் கத்தினாள்:

"மெதுவாப் போகாதன்னு சொன்னது யாரு?"

"நாந்தான்!"

"அப்ப ஓட்டுங்க! அப்பா இப்படி ஊர்ந்து படகு ஓட்டி நீங்க பாத்திருக்கீங்களா?"

ஆர்விட் விசையை அழுத்தினார். கேப்டன் ஹார்லன் டுஃபோ மணிக்கு முப்பது மைல் வேகத்தில், பன்னிரண்டு கிழட்டு எஞ்சின்களின் கூச்சலோடு வீடு வந்து சேர்ந்தார். துறையில் நின்றிருந்த லொரேன், ஒவ்வொரு வண்டியாக விரல் நீட்டி எண்ணி, பன்னிரண்டாவதும் கரை ஏறிய பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அடக்கம் முடிந்தது. தேவாலயத்தில் பன்றி இறைச்சி ரொட்டியும் காபியும் ஆனது. மாலையில் ஒவ்வொருவராக வண்டியைக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டுப் போனார்கள். டுவேன் தான் ஓட்டியதைத் துடைத்தே கொடுத்தான். பதினொன்று வந்தது. ஆர்விட் சிறிது நேரம் பார்த்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்கு நடந்தார். ராத்திரி வெளியே விட்டால் பட்டையில் ஒட்டிய ஈரம் தரையோடு உறைந்துவிடும். காலையில் விவரம் தெரியாமல் கிளப்பினால் பட்டை கிழியும். தான் ஓட்டிய எந்த வண்டியையும் அவர், பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டை மேல் வைக்காமல் விட்டதில்லை. இதை அவர் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை.

மஞ்சள் வண்டி தபால் ஆபீஸ் சுவரோரம் நின்றது. அதன் பின்பக்கம் தரையில் படவில்லை. இரண்டு விறகுக் கட்டைகளின் மேல் தூக்கி வைத்து, பட்டையிலிருந்த பனிக்கட்டியெல்லாம் சுரண்டி எடுத்திருந்தது. சீட்டின் மேல் ஒரு கம்பளி, அதற்கு மேல் வெர்னாவின் அப்பா மழைக்குப் போடும் எண்ணெய்த் துணிக் கோட்டு, காற்றில் பறக்காமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

உள்ளே விளக்கு எரிந்தது. ஆர்விட் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். தட்டவில்லை. ஒரு கட்டை லேசாகச் சாய்ந்திருந்ததைக் காலால் நேராக்கிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

"மஞ்சள் எங்க?" என்றாள் லொரேன்.

"அது அவ வீட்டுல நிக்குது" என்றார் ஆர்விட். "இருபத்தாறு போதும்."