நான் போகாத கோர்ட்டு வாய்தாக்கள்

போன வருடம் சம்பா அறுவடை முடிந்த சமயம். காரைக்கால் கோர்ட்டு வளாகத்தில் அரசு வக்கீலம்மாவிடம் சண்டை போடுவதற்கென்றே பூவத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, அறுவடை மெஷின் யார் வயலில் முதலில் இறங்குவது என்ற தகராறில், பக்கத்து வயல்காரன் என் தம்பியை அரிவாளால் வெட்டினான். தம்பிக்கு வலது கையில் மூன்று விரல் மடங்காது. கொலை முயற்சி வழக்கு. தம்பியைத் தவிர, பார்த்த சாட்சி நான் ஒருவன்தான். உள்ளே போனவன் ஜாமீன் கேட்டு இரண்டு தடவை மனுப் போட்டான், தள்ளுபடி ஆனது. மூன்றாவது தடவை மேல் கோர்ட்டில் விட்டுவிட்டார்கள். அதிலிருந்து தம்பி வயலுக்கே போகவில்லை.

"கையை வெட்டினவனை வெளிய விட்டுட்டீங்களே, இதெல்லாம் ஒரு சட்டமா?" என்று கத்தினேன்.

அந்தம்மா அசரவில்லை. "அவருதான் வெட்டுனாருன்னு கோர்ட்டு இன்னும் சொல்லலீங்க. தீர்ப்பு வராம ஒருத்தரை வருஷக்கணக்கா உள்ள வைக்க அரசியல் சட்டம் விடாது. எவ்வளவு பெரிய குற்றச்சாட்டா இருந்தாலும் சரி."

"அப்ப ஏன் ரெண்டு தடவை குடுக்கல?"

"சாட்சியைக் கலைச்சிடுவாருன்னு சொன்னோம், கோர்ட்டு ஏத்துக்கிட்டுது. ஆனா அதையே சொல்லிக்கிட்டு எத்தனை நாளைக்கு வைக்க முடியும்? விசாரணை நடக்கணும்ல?"

"ஏன் நடக்கல?"

கேஸ் கட்டைப் பிரித்து ஜாமீன் உத்தரவை எடுத்தார். முக்கிய சாட்சிக்கு நான்கு முறை சம்மன் போயும் ஆள் கிடைக்கவில்லை, விசாரணை எப்போது முடியும் என்று தெரியவில்லை, அதனால் ஜாமீன் என்று இருந்தது. அந்தச் சாட்சி நான்தான்.

எங்கள் ஊர் புதுச்சேரி எல்லை; வயலின் கடைசி வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு. போலீஸ்காரர் சம்மனோடு வரும்போதெல்லாம் அந்தப் பக்கம் மச்சான் களத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். வீட்டிலும் யாரும் வாங்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். கேஸ் முடிந்தால் தண்டனை வருமோ வராதோ, இழுத்தால் அவன் உள்ளேயே கிடப்பான் என்பது டீக்கடையில் எல்லோரும் எனக்குக் கொடுத்த யோசனை. பெரிய புத்திசாலித்தனம் என்று நானும் நம்பினேன்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன்.

"அப்ப அவனுக்கு நீதாண்ணே ஜாமீன் வாங்கிக் குடுத்துருக்க."

அடுத்த வாய்தாவுக்கு யாரும் கூப்பிடாமல் போய்க் கூண்டில் ஏறினேன். வெட்டினவன் எதிரே நின்றான். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு மணி நேரம் என்னை வறுத்தெடுத்தார். பார்த்ததைச் சொன்னேன்.

கேஸ் இன்னும் முடியவில்லை. அவன் மேல் எனக்கு இருக்கும் கோபமும் குறையவில்லை. ஆனால், அவன் செய்ததைக் கோர்ட்டில் சொல்லாமலே அவனுக்குத் தண்டனை கொடுத்துவிடலாம் என்று நான்கு தடவை வரப்பைத் தாண்டி ஓடினேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல்தான் அதிகமாக எரிச்சல் வருகிறது.